கூட்டாமல் குறைக்காமல்

அந்த அக்கா எங்கள் வீட்டுக்குக் குடிவந்த மறுநாள் காலையிலேயே எனக்கு அவர்மேல் கோபம் வந்துவிட்டது. நான் குசினியில் தோசை சுட்டுக்கொண்டு நிற்கிறேன். அவர் கோட்டைப் போட்டு, மஃப்ளரைச் சுற்றி, வாசலில் குனிந்து சப்பாத்துக்கு நாடா கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"தங்கச்சி, நான் போறன்."

கரண்டியும் கையுமாக ஓடிப்போனேன். "ஐயோ, என்ன அக்கா விடியக்காலமை இப்பிடிக் கதைக்கிறியள்? போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்" என்றார். சிரித்தார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நான் சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தால் தோசை கருகிக் கிடக்கிறது.

எங்கள் சனத்தில் செத்தவர்தான் போவார். மற்ற எல்லோரும் போட்டு, அதாவது போய்விட்டு, வருவார்கள். மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனாலும் போட்டு வாறன், கனடாவுக்கே குடிபெயர்ந்தாலும் போட்டு வாறன். இது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். இவ்வளவு படித்த மனுசிக்குத் தெரியாதா? மறுநாளும் "நான் போறன்." அதற்கு அடுத்த நாளும் அதுதான். நான் குசினிக்குள் இருந்தே "போட்டு வாங்கோ" என்று சத்தம் போட்டு, அவர் சொன்னதன் மேல் என்னுடையதை வைத்து மூடிவிடுவேன். அவர் எங்களோடு இருந்த காலம் முழுக்க இந்த இழுபறி நடந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. எங்கே இருக்கிறாரோ, எழுதினால் விரும்பமாட்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டன் மனோர் பார்க்கில், முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. என் கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மேல்மாடிச் சின்ன அறையை வாடகைக்கு விடலாம் என்று நினைத்தபோது யாரோ தெரிந்தவர்கள் மூலம் இவர் வந்தார். கட்டையாக வெட்டிய தலைமயிர். கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கும் கண்ணாடி. கறுப்பு ரொட்டிப் பாணுக்குச் சம்பல் வைத்துச் சாப்பிடுகிற, சீனி போடாத வெறுங்கோப்பி குடிக்கிற ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளையை நான் அதற்கு முன் கண்டதில்லை. கோயில் சனம் இவருக்கு வைத்த பெயர் ‘ஜேர்மன்காரி.’

எண்பதுகளில் பேர்லினில் படித்தவர். கிழக்குப் பக்கம். ஸ்கொலர்ஷிப் கிடைத்துப் போய் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கினார். லண்டனுக்கு அவர் வந்து சேர்ந்தபோது அந்தப் பட்டத்தைக் கொடுத்த நாடே உலகத்தில் இல்லை. "ஆரிட்டைப் போய் இது நல்ல சேட்டிபிக்கற் எண்டு கேக்கிறது?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கஷியர் வேலை செய்தார். அங்கே சாமான் வாங்கப் போனால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாய் நிறைய ‘பாய், பாய்’ சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளைக்காரருக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிகிற வாய்க்கு எங்கள் வாசலில் மட்டும் என்ன வந்தது?

இன்னொரு குணமும் அவருக்கு இருந்தது. டெலிபோனில் வருகிற செய்தியை அவரிடம் ஒப்படைத்தால் தொலைந்தோம். ஒருநாள் நான் வேலையால் வந்து கோட்டைக் கழற்றவில்லை, மாடிப்படியில் நின்று சொல்கிறார்: "தங்கச்சி, உங்கடை மச்சாள் எடுத்தவ. ‘எங்கை அவள், எந்த நேரமும் கோயிலே கதியோ, வீட்டிலை ஒரு வாய் சமைக்கிறேல்லையோ’ எண்டு கேட்டவ. பிறகு இருமினவ. பிறகு, ஞாயிற்றுக்கிழமை வரட்டாம்."

நான் மச்சாளோடு மூன்று மாதம் கதைக்கவில்லை. "அக்கா, ஞாயிற்றுக்கிழமை வரட்டாம் எண்டு மட்டும் சொல்லியிருக்கலாமே, எப்பன் குறைச்சு" என்று கேட்டேன்.

"குறைக்கத் தெரியாது. அது எனக்கு ஒரு வருத்தம்" என்றார்.

எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். என் கணவருக்கு மட்டும் இவரை நல்ல பிடிப்பு. "உவவை வீட்டிலை வைச்சுக்கொண்டு ஒரு பொய்யும் சொல்லேலாது. நல்லது தானே" என்பார். அவருக்குப் பித்தப்பையில் ஒப்பரேஷன் நடந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கொஞ்ச நேரம் இருந்தார். எழுந்து, படுத்திருக்கிற மனுசனுடைய முகத்துக்கு நேரே "நான் போறன்" என்றார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. என் கணவர் கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்து அமர்த்தினார். "சும்மா இரும். அவ தானே போறா, நான் இல்லையே." தையல் நோகச் சிரித்தார். நான் அன்று கோபத்தில் அக்காவுக்கு ஒரு கோப்பிகூட ஊற்றிக் கொடுக்கவில்லை.

பேர்லின் கதைகள் என்றால் கேட்க ஆசையாக இருக்கும். அவர் கிழக்கு, மேற்கு என்று சொன்னதே இல்லை. இஞ்சாலை, அங்காலை. சுவரை அவர் ‘மதில்’ என்பார், ஏதோ பக்கத்து வளவு மதில்போல. அந்த மதிலைத் தாண்ட முயன்று செத்தவர்கள் இருக்க, வெளிநாட்டு மாணவியான இவர் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு ஸ்டேசனால் சும்மா அங்காலை போய்வரலாமாம். "எங்களுக்கெண்டு ஒரு பொட்டு இருந்தது" என்பார். வேலியில் ஆள் நுழைகிற இடைவெளியை நாங்கள் பொட்டு என்றுதான் சொல்வோம்.

விடுதியில் இவரோடு ஒரே அறையில் இருந்தவள் ஒரு ஜேர்மன் பிள்ளை. அவளுக்கு அங்காலை போக அனுமதி இல்லை. இவர் சனிக்கிழமைகளில் போய்வந்ததும் கட்டிலில் சப்பணம் கட்டி இருந்துகொண்டு கேட்பாளாம்: கடைக் கண்ணாடிக்குள் என்ன வைத்திருந்தார்கள், என்ன நிறம், என்ன விலை? இவர் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். "கூட்டிச் சொன்னால் அவளுக்கு ஏக்கம். குறைச்சுச் சொன்னால் அது களவு மாதிரி. அதாலை கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவன். அவளும் நான் சொல்லுறதை மட்டும் தான் நம்புவாள்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அதோடு கதையை நிறுத்திவிட்டுக் கோப்பிக் கோப்பையைக் கழுவப் போய்விடுவார். ஒருமுறைகூட அதற்கு மேலே போனதில்லை.

பிறகுதான் என் தம்பி வந்து சேர்ந்தான். எத்தனை நாடு, எத்தனை ஏஜென்சிக்காரர் என்று சொல்லப்போனால் அது வேறு கதை. வந்து அகதியாகப் பதிந்தான். வழக்குக்கு ஒரு லோயரைப் பிடித்தோம். நல்ல வெள்ளைக்காரப் பிள்ளை, ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே அவளுடைய அலுவலகம். தம்பி வாயால் சொல்வதை அவள் வாக்குமூலமாக எழுதவேண்டும். அவளே ஒழுங்கு செய்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், தங்கமான மனுசர். ஆனால் என்ன செய்வது, தம்பி "ஆமிக்காரர் என்னை மறிச்சுக் கதைச்சவை" என்றால் அவர் விழிக்கிறார். "கதைன்னா? கதை சொன்னாங்களா தம்பி?" என்கிறார். பிறகு விட்டுவிட்டார்கள் என்பதற்குத் தம்பி "பேந்து விட்டவை" என்றால் "பெயர்த்து விட்டாங்களா, எதை?" என்கிறார். கடைசியில் அவரே கையை விரித்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க ஊர் ஆளா ஒருத்தர வச்சுக்குங்க. நான் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லி இந்தப் பையன் வாழ்க்கை கெட்டுப் போயிடக் கூடாது."

ஊர் ஆளுக்கு எங்கே போக? அதுதான் மாடியில் இருக்கிறாரே! இங்கிலீஷ் தெரியும், சொன்னதைச் சொன்னபடி சொல்வார். அன்று பின்னேரமே குசினியில் வைத்துக் கேட்டேன். லீக்ஸ் வெட்டித் தந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஏலாது தங்கச்சி."

"ஒரு நாள் தானே அக்கா. லீவு போடக் கஷ்டமெண்டால்..."

"லீவு இல்லை. ஏலாது."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "என்ரை தம்பியைத் திருப்பி அனுப்பினால் நேரே பிடிச்சுக்கொண்டு போவாங்கள். உங்களிட்டை நான் என்ன கேட்டன்? வாயைத் திறந்து ரெண்டு கதை கதைக்கச் சொன்னன். வாடகை ஆள் எண்டு பாராமல் எங்கடை வீட்டிலை எவ்வளவு உரிமை தந்தனாங்கள் உங்களுக்கு. உங்களுக்கு எங்களிலை எப்பனும் உருத்தில்லை, பாசமில்லை, அப்பிடித் தானே?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். வாசலில் அவர் சொல்கிற அந்த மூதேவிச் சொல்லையும் இழுத்தேன். "வாயிலை நல்ல சொல்லு வந்தால் தானே" என்றேன்.

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

அங்காலை ஒரு தேவாலயத்தில் அகதிகளுக்கு உதவி செய்கிறவர்கள் இவரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தமிழும் ஜேர்மனும் தெரிந்த ஒருவர் கிடைப்பது அப்போது லேசில்லை. சனிக்கிழமைகளில் கோப்பி வாங்கப் போனவர், மற்ற நாட்களிலும் பொட்டுக்குள்ளால் போய்த் தமிழ்ப் பெடியன்களுக்கு விசாரணைகளில் மொழிபெயர்த்தார். எல்லோரும் புகழ்ந்தார்களாம். இவ்வளவு சுத்தமான ஜேர்மன், இவ்வளவு துல்லியம். அப்படித்தான் ஒரு நாள் ஒரு பெடியன். எங்கள் தம்பியின் வயது இருக்கும். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"எல்லாம் நல்லாத் தான் போனது. கடைசியிலை அந்த அதிகாரி கேட்டவர், வெளிக்கிடேக்கை ஆருக்குச் சொன்னனீர் எண்டு. அம்மாவுக்குச் சொன்னன் எண்டான். என்ன சொன்னனீர் எண்டு கேட்டார்." அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ தங்கச்சி, என்ன சொல்லியிருப்பான்?"

எனக்கு விளங்கிவிட்டது. "போட்டு வாறன் எண்டு."

"ஓம். நான் அதைக் கூட்டாமல் குறைக்காமல் ஜேர்மனிலை சொன்னன். நான் போய்த் திரும்பி வருவன் எண்டு அம்மாட்டைச் சொன்னவராம். அதிகாரி டைப் அடிக்கிறதை நிப்பாட்டிப்போட்டார். திரும்பி வருவன் எண்டு சொன்னதோ எண்டு திருப்பிக் கேட்டார். அதையும் நான் பெடியனிட்டைக் கேட்டன். அவன் என்னைப் பாத்து முழிச்சுப்போட்டு, ஓம் எண்டான். தாயிட்டை வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"நீங்கள் விளங்கப்படுத்தியிருக்கலாமே அக்கா."

"மொழிபெயர்க்கிற ஆள் தன்ரை கதை கதைக்கக்கூடாது எண்டு சட்டம். அந்தச் சட்டத்தை எனக்கு நல்லாப் பிடிக்கும். ஜேர்மன்காரர் தாங்களே பிரியேக்கை, திரும்பக் காணுவம் எண்டு தான் சொல்லுறவை. அதைக் கேட்டு ஒருத்தரும் காத்துக்கொண்டு நிக்கிறேல்லை. இது எனக்குத் தெரியாதோ? தெரியும். தெரிஞ்சும், என்ரை வாயிலை சரியான சொல்லுத் தான் வந்தது."

மறுத்துவிட்டார்கள். ஆபத்து இருக்கிறவன் திரும்பி வருவேன் என்று தாய்க்குச் சொல்லிவிட்டு வரமாட்டான் என்று காரணம் காட்டியிருந்தார்கள். அதை அந்தப் பெடியனுக்குத் தமிழில் சொல்லவேண்டிய ஆளும் இவர்தான். அவன் "அக்கா, நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றானாம். இவர் "சொன்னனீர் தானே தம்பி" என்றாராம். அவன் யோசித்துவிட்டு, "அது சும்மா சொல்லுறதெல்லோ அக்கா" என்றானாம்.

அப்பீல் முடிய முன்பே அவன் தங்கியிருந்த இடத்தில் ஆளைக் காணவில்லை. பிரான்சுக்குப் போனான் என்றார்கள் சிலர். பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். "மதில் உடைஞ்ச அண்டைக்குச் சனமெல்லாம் மேலை ஏறி நிண்டு ஆடுது, கட்டிப்பிடிச்சு அழுது. என்ரை அறைப் பிள்ளை அங்காலை ஒவ்வொரு கடைக் கண்ணாடியாப் பாத்து, நீ சொன்னது மாதிரியே இருக்குது எண்டு துள்ளுறாள். நான் அவளைத் தனிய விட்டுப்போட்டு அகதி முகாம் முகாமாய்ப் போய் அந்தப் பெடியனைத் தேடுறன். உலகத்திலையே அண்டைக்குத் துக்கத்திலை அழுதுகொண்டு திரிஞ்ச ஒரே விசரி நான் தான்."

"அவன்ரை விதி அக்கா. நீங்கள் என்ன வேணுமெண்டோ செய்தனீங்கள்?"

"எல்லாரும் அதைத் தான் சொல்லுவினம்" என்றார். கத்தியை எடுத்து மிச்ச லீக்ஸையும் வெட்டி முடித்தார். நான் பேசியவற்றை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் குடிக்கிறது வெறுங்கோப்பி என்பதுகூட அந்த நேரம் மறந்துபோனது.

மறுநாள் காலை தம்பி கோயிலுக்குப் புறப்பட்டான். நாங்கள் இரண்டு பேரும் குசினியில். வாசலில் நின்று, வழக்கம்போல, "அக்காமார், போட்டு வாறன்" என்றான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி அங்கை அம்மாட்டை என்ன சொல்லிப்போட்டு வந்தவர்?"

"வேறை என்னத்தை அக்கா?"

எழுந்து கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். "லோயரிட்டை எத்தினை மணிக்கு? நான் வாறன்" என்றார். அந்த மனுசியின் வாயில் வாறன் என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

லோயரின் அறையில் அக்கா முதுகு நிமிர்த்தி இருந்தார். தம்பி ஒரு வசனம், அக்கா ஒரு வசனம். ஆமி மறித்தது, அடித்தது, ஒளித்திருந்தது, எல்லாம் அப்படியே இங்கிலீஷில் இறங்கியது. தம்பி விக்கினால் அவரும் நின்றார். லோயர்ப் பிள்ளை தலை நிமிராமல் எழுதிக்கொண்டு போனாள். கடைசியில் அவள் கேட்டாள், புறப்படுவது வீட்டில் யாருக்குத் தெரியும், என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று. இதை முன்பே தம்பிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. சொல்லிக் கொடுக்க அக்கா விட்டிருக்கமாட்டார், அது வேறு.

"அம்மா, போட்டு வாறன் எண்டு சொன்னன்" என்றான் அந்த மடையன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். மஃப்ளர் நுனியால் துடைத்தார். லோயர்ப் பிள்ளை பேனையோடு நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அந்த நேரம் முருகனைத் தவிர வேறொருவரும் இல்லை.

"தாயிடம் குட்பாய் சொல்லிவிட்டு வந்தாராம்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

அவள் எழுதிக்கொண்டாள். அடுத்த கேள்விக்குப் போனாள். அவ்வளவுதான்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றோம். தம்பி கடைக்குள் ரொட்டி வாங்கப் போயிருந்தான். நான் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதேன், நன்றி சொன்னேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் முகம் எங்கோ இருந்தது.

"இவ்வளவு லேசான சொல்லு தங்கச்சி" என்றார். "சந்தைச் சொல்லு. ஒரு நாளைக்கு எத்தினை தரம் கடையிலை சொல்லுறன். ரெண்டு பெடியளும் ஒரே பதில் தான் சொன்னவை. நான் தான் ரெண்டு விதமாச் சொன்னனான்."

பஸ் வந்தது. ஏறினோம்.

தம்பிக்கு விசா கிடைத்தது. கோயிலில் அர்ச்சனை செய்து, வடை பாயசத்தோடு சமைத்தேன். அக்காவும் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார். நான்தான் என் பாயசத்தைத் தொடாமல் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கு வந்த நல்லது, பெயர் தெரியாத ஒரு பெடியன் பட்டதால் வந்தது. அவனுடைய தாய் எந்த ஊரில் இருக்கிறாளோ, அவன் எங்கே கிடக்கிறானோ! தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்குக் குத்தியது, இன்றைக்கும் குத்துகிறது.

யாழ்ப்பாணத்துக்கு அப்போது டெலிபோன் இல்லை. அம்மா கண் ஒப்பரேஷனுக்காகக் கொழும்பில் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறா என்று அறிந்து, ஒரு காலை நேரம் எடுத்தேன். தம்பி வேலைக்குப் போயிருந்தான்.

"அம்மா, தம்பிக்கு விசா குடுத்திட்டாங்கள். இனி ஒருத்தரும் அவனைத் திருப்பி அனுப்பேலாது."

"முருகா, முருகா" என்று அழுதா. மூக்கை உறிஞ்சினா. பிறகு, "அப்ப எப்ப பிள்ளை வாறான்?" என்றா.

"ஆர் அம்மா?"

"உவன் தான். போட்டு வாறன் அம்மா எண்டெல்லோ என்ரை கையைப் பிடிச்சுச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவன். நான் அவன்ரை சைக்கிளையும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. விசா தந்தால் வந்து போகலாம் தானே?"

அகதி என்று கொடுத்த அந்த விசாவோடு அவன் அங்கே போக முடியாது என்பதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? "பாப்பம் அம்மா" என்றேன். லைன் இரைந்தது. கண்ணுக்கு மருந்து விடச் சொல்லிவிட்டு வைத்தேன்.

திரும்பினால் மாடிப்படியின் கீழே அக்கா, கோட்டும் மஃப்ளருமாக, சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"அம்மா என்ன சொன்னவா?" என்று கேட்டார்.

அவரிடம் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தெரியும்.

"சந்தோசமாம்" என்றேன்.

"அவ்வளவும் தானோ?"

"அவ்வளவும் தான் அக்கா."

என்னை ஒரு கணம் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கி மாட்டிக்கொண்டார். "சரி தங்கச்சி, நான் போறன்" என்றார்.

நான் போட்டு வாங்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. கதவு சாத்திக்கொண்டது.